தொழில் செய்வோர் மனமும் சங்கத்தின் கடமையும்

சங்கத்தின் வருடாந்தரப் பொதுமகாசபையில் அறிக்கை படிக்கப்படும்பொழுது அங்கத்தினர்கள் அனைவரும் செவி சாய்த்துக் கேட்கும் பகுதி ஒன்றுண்டு. லாப நஷ்டக் கணக்கை அவ்வளவு கவனமாக யாரும் கேட்பதில்லை. பங்கு ஈவு என்றால் ஓரளவு கவனிப்பர். தவணை கடந்த கடன்களின் ஜாபிதா படிக்கத் தொடங்கியதும் கொட்டகை முழுதும் அமைதியாகிவிடும். யார் பெயர் வருகிறது என்று அறிவதில் நம்மவர்க்குள்ள ஆவல் யாவரும் அறிந்ததே.

சென்ற ஆண்டு அந்த ஜாபிதாவில் வீரசோழன் பக்கத்து அங்கத்தினர் ஒருவரின் பெயர் வந்தது. பெயருக்கு எதிரே, “நோட்டீசு மூன்று அனுப்பப்பட்டது, பதில் இல்லை” என்று எழுதியிருந்தது. சபை அதனைக் கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குச் சென்றது.

பத்து நாள் கழித்து அவருடைய மனைவியார் மூன்றாவது நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கக் கட்டிடத்துக்கு வந்தார். அழவுமில்லை; சண்டையிடவுமில்லை. “ஐயா, மூன்று காகிதம் போட்டீர்கள். ஓர் ஆள் ஒரு எட்டு வந்து பார்க்கவில்லையே” என்று மட்டும் கேட்டார். காரியதரிசியிடம் பதில் இல்லை. நிர்வாகக் கமிட்டியில் இருந்த நம்மிடமும் இல்லை. அந்தக் கேள்வியை அங்கத்தினர் யாவர் முன்னிலையிலும் வைப்பதற்காகவே இதனை எழுதுகிறோம். அந்த அங்கத்தினரின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம், பெயர் எழுதுவதற்கில்லை.

நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசலில் மிளகாயும் மல்லியும் விதைப்பவர் அவர். அத்துடன் அக்கம்பக்கத்தாரின் வத்தலை வாங்கிச் சிப்பம் கட்டிக் கமிஷன் கடைக்கு அனுப்பும் சிறு வியாபாரமும் உண்டு. ஒரு வருஷம் வத்தல் வாங்கிய பிறகு விலை இறங்கிவிட்டது. வாக்குக் கொடுத்த விலையை அண்டை வீட்டாருக்குக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை. வித்தியாசத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த வட்டியைக் கட்ட வேறோரிடத்தில் வாங்கினார். நாணயத்தைக் காப்பாற்றவேண்டும் என்று எடுத்த கடன் அவரைச் சந்தைக்கு வரமுடியாதவராக ஆக்கிவிட்டது. அவர் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். நாமும் அப்படியே நம்பினோம்.

உண்மையில் அவர் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. பகல் முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். இரவில் தூக்கமின்றிக் கண்மாய்க் கரையில் நடந்தார். சோற்றுத் தட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்தார். அவருடைய போக்கைக் கண்டு அஞ்சிய மனைவியார், வீட்டில் இருந்த பயிர் மருந்து முழுவதையும் முந்தானையில் மறைத்து எடுத்துப்போய்த் தம் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டார். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான்கு மாதம் அந்த அம்மையார் ஒருத்தியாக அந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறார். நமது சங்கத்தின் பேரேட்டிலோ நோட்டீசு அனுப்பிய தேதிகள் மட்டும் ஒழுங்காக இருந்தன.

மறுநாள் மூவராகச் சென்றோம். “பணம் கேட்கவா வந்தீர்கள்?” என்றார். பார்க்க வந்தோம் என்றோம். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே பேசினார். சங்கத்துக் கடன்தான் அவருடைய கடன்களில் எல்லாம் சிறியது. சங்கம் அறியாத கடன் ஐந்து இடங்களில் இருந்தது. மனைவியாருக்கும் அவற்றில் இரண்டுதான் தெரியும்.

*

கூலிக்கு வேலை செய்பவருக்குக் கவலை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சொந்தத் தறியும் சொந்த நிலமும் சொந்தக் கடையும் வைத்திருப்பவரின் கவலை தனிப்பட்டது. அவருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. நஷ்டம் வந்தால் குறைகூறுவதற்கு இன்னொருவர் இல்லாமையால் தம்மையே குறைகூறிக்கொள்கிறார். மழை பொய்த்ததையும் விலை விழுந்ததையும்கூடத் தம் புத்திக்குறைவாகவே எண்ணத் தொடங்குகிறார்.

நெசவாளர் வீட்டைப் பாருங்கள். தறி நிற்பதும் குடும்பம் உண்டு உறங்குவதும் ஒரே கூரையின்கீழ். தாத்தா பாவு பிணைக்கிறார்; மனைவி தார் சுற்றுகிறார்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைகொடுக்கிறார்கள். தறி ஓடும்பொழுது இது பெரிய பாக்கியம். நூல் வராமலோ சரக்குப் போகாமலோ தறி நின்றுவிட்டால், அந்த நின்ற தறியைப் பார்த்துக்கொண்டே அவர் சாப்பிடவேண்டும், அதனருகிலேயே படுக்கவேண்டும். காரியாலய உத்தியோகஸ்தர் கவலையைக் காரியாலயத்தில் விட்டு வருவதுபோல விட்டு வர நெசவாளருக்கு வேறோர் இடம் கிடையாது. அருப்புக்கோட்டையில் நாலு விசைத்தறி வைத்துப் பிழைப்பவருக்கும் இதே நிலைதான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் தறிகள் நின்றதையும், 2022-ல் நூல் விலை ஏறியதையும் அவர்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பவர்கள் நமது அங்கத்தினர்களிலேயே உண்டு.

விவசாயிக்குக் காலக்கெடு வேறு. திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் சீமையில் குண்டாற்றில் தண்ணீர் வருவது அபூர்வம். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆவணி புரட்டாசியில் விதைத்துவிட்டுத் தை மாசி வரையில் வானத்தையும் செடியையும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். விதைக்கும் உரத்துக்கும் களையெடுப்புக்கும் பணம் போய்க்கொண்டேயிருக்கும். வருவது வருஷத்தில் ஒரு தடவை. நெசவாளருக்கும் ஐப்பசி கார்த்திகை நெருக்கடியே. தெருவில் பாவு ஓட்டமுடியாது. தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும்.

இத்தனைக்கும் மேலாக மானம் என்பது ஒன்றிருக்கிறது. வியாபாரத்துக்கு வாக்கும் நாணயமுமே முதல் என்று நம் முன்னோர் கற்பித்தார்கள். அது நல்ல கல்விதான். ஆனால் கஷ்டத்தை வெளியிட்டால் நாணயம் போய்விடும், பெண்ணுக்குச் சம்பந்தம் வராது, கமிஷன் கடையில் முன்பணம் கிடைக்காது என்று அஞ்சி வாய்மூடி இருப்பதையும் அந்தக் கல்வியோடு சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டோம். ரமண மகரிஷி 1879-ல் திருச்சுழியில் பிறந்தார். அவருடைய மௌனத்தைத் தேடி உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். கடன்பட்டவரின் மௌனம் அதைச் சேர்ந்ததன்று. அவரைத் தேடி வட்டிக்காரரைத் தவிர யாரும் வருவதில்லை.

*

இது ஏதோ ஒரு வீட்டு விஷயம் என்று எண்ணவேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2020-ஆம் ஆண்டில் நமது நாட்டில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்களில் வேளாண்மையைச் சேர்ந்தோர், விவசாயக் கூலிகள் உட்பட, 10,677 பேர். கடை, வியாபாரம் முதலிய சொந்தத் தொழில் நடத்தியோர் 11,716 பேர். விவசாயிகளின் துயரத்தைப் பற்றி நாடு பேசுகிறது, பேசவேண்டியதுதான். அதைவிடக் கூடுதலான எண்ணிக்கையில் சிறு வியாபாரிகள் மறைந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் பாதி விவசாயி, பாதி வியாபாரி. அல்லது பாதி நெசவாளி, பாதி வியாபாரி. இரண்டு வரிசையிலும் நாமே நிற்கிறோம்.

2015-16-ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரு பரிசீலனை நடத்தினார்கள். வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதாவதொரு மனநலக் குறையோடு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எவ்வித வைத்தியமும் பெறவில்லை என்றும் அதில் தெரியவந்தது. நூறு பேர் கூடும் நமது மகாசபைக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

“இதெல்லாம் மனோதிடம் இல்லாதவர்களுக்கு வருவது, படித்த பட்டணத்துக்காரர் வியாதி” என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2013-ல் ‘சயன்ஸ்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. கரும்பு வெட்டுவதற்கு முன்னால், கைப்பணம் கரைந்து முடை மிகுந்திருந்த சமயத்தில், அவர்களுக்குச் சில எளிய புத்திப் பரீட்சைகள் வைத்தார்கள். கரும்பு விற்றுப் பணம் கைக்கு வந்தபின் அதே ஆட்களுக்கு மறுபடியும் வைத்தார்கள். பணமுடையின்போது குறைவாகச் செய்தவர்கள் பின்னர் அதிகம் நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, மூளையும் அதே மூளைதான். கவலை தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் யோசனைக்கு விட்டுவைத்திருந்தது.

இந்த உண்மையை நமது சீமைக்குப் பொருத்திப் பாருங்கள். எந்த மாதங்களில் நமது புத்தி மிகக் கூர்மையாக இருக்கவேண்டுமோ, அந்த மாதங்களில்தான் அது மிகக் களைத்திருக்கிறது. மீட்டர் வட்டிப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும், சினையாட்டைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளுவதும், வரப்போகும் வெள்ளாமையை முன்கூட்டியே விலை பேசி முடித்துவிடுவதும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. அதனைப் பின்னால் நாம் “முட்டாள்தனம்” என்கிறோம். அப்படிச் செய்தவரும் தம்மை அவ்வாறே திட்டிக்கொள்கிறார். தூக்கமிழந்து களைத்த மனம் செய்த காரியத்துக்கு ஆளையே தண்டிப்பது நியாயமாகாது.

*

வேறொரு கட்சியும் உண்டு. “மழை பெய்து விலையும் கிடைத்தால் மனம் தானே நன்றாய்விடும்; அதற்குமுன் ஆறுதல் சொல்லி என்ன பயன்?” என்பது அது. இதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நியாயமான விலைக்கும், காலத்தில் கிடைக்கும் நூலுக்கும், தூர்ந்த கண்மாய்கள் வெட்டப்படுவதற்கும் நாம் இடைவிடாமல் குரல் கொடுத்து வந்திருக்கிறோம், இனியும் கொடுப்போம். மனநலத்தைப் பற்றிய பேச்சு அந்தக் கோரிக்கைகளுக்குப் பதிலாக நிற்கமுடியாது.

எனினும் நல்ல விலை வந்த வருஷத்திலும் எழுந்திருக்கமுடியாமல் கிடந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மனச்சோர்வு என்பது நோயாக முற்றியபின், காரணம் நீங்கினாலும் நோய் தானே நீங்குவதில்லை. மேலும் மழையையும் விலையையும் தீர்மானம் போட்டு வரவழைக்கச் சங்கத்தால் ஆகாது; ஓர் அங்கத்தினர் வீட்டுக்கு நடந்து போவது ஆகும். ஆகிற காரியத்தைச் செய்யாமல் ஆகாத காரியத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பது அழகன்று.

கூட்டுறவின் வரலாறும் இதையே நமக்கு நினைவூட்டுகிறது. ஜெர்மனியில் 1860-ஆம் ஆண்டுகளில் ரைபீசன் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கியபோது, ஒரு சங்கம் ஒரு சிறு எல்லைக்குள் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள்தான் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்க முடியும் என்பது அவருடைய எண்ணம். சென்னை மாகாண அரசாங்கத்துக்காக இந்த விஷயத்தை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் தம் அறிக்கையில் அந்த ரைபீசன் முறையையே சிபாரிசு செய்தார். பின்னர் 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், ஒரே ஊரையோ ஒரே வகுப்பையோ சேர்ந்த பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம் என்றது. சொத்தில்லாதவருக்குக் கடன் கொடுக்க அன்று இருந்த ஈடு, அண்டை வீட்டாரின் அறிமுகம் ஒன்றே.

ஆகவே, தம் அங்கத்தினர் ஒருவர் நான்கு மாதமாக வீட்டைவிட்டு வெளிவராததை அறியாத சங்கம், பேரேடு எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், தன் ஈட்டையே இழந்துவிட்ட சங்கம். நம்மைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

*

இனிச் செய்யவேண்டியது என்ன? வரும் பொதுமகாசபையில் வைக்கக் கருதும் யோசனைகளை முன்கூட்டியே அங்கத்தினர்களின் பரிசீலனைக்குத் தருகிறோம்.

முதலாவது, தவணை தவறினால் நோட்டீசுக்குமுன் ஆள் போகவேண்டும். நிர்வாகக் கமிட்டியில் ஒருவரும் அதே தெருவைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவரும் சென்று நலம் விசாரித்து வரவேண்டும். அன்று பணப் பேச்சை அவர்கள் எடுக்கக்கூடாது. சட்டப்படி அனுப்பவேண்டிய நோட்டீசைப் பின்னால் அனுப்பலாம். மகாசபையில் தவணை கடந்தோரின் பெயரை உரக்கப் படிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பேரேட்டு எண்ணும் தொகையும் போதும். இது கடனைத் தள்ளுபடி செய்யும் யோசனையன்று. மறைந்து வாழும் கடனாளியிடமிருந்து எந்தச் சங்கமும் பணம் வசூலித்ததில்லை. வெளியே வந்து உட்கார்ந்து பேசுபவரிடமிருந்து வசூலாகும்.

இரண்டாவது, கணக்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே நம்மவர் கணக்கு எழுதுவதைத் தவிர்த்து வந்திருக்கிறார்கள். பகலில் எழுதாத கணக்கை மனம் இரவில் எழுதுகிறது. அதில் எப்பொழுதும் கடன் பக்கமே பெருக்கமாக இருக்கும். வீட்டுச் செலவுக்கு ஒரு நோட்டும் தொழிலுக்கு ஒரு நோட்டும் தனித்தனியே வைப்போம். வாங்கிய கடன் எல்லாவற்றையும், கைமாற்று உட்பட, ஒரே தாளில் எழுதி மனைவிக்கோ கணவருக்கோ காட்டுவோம். நெருக்கடி மாதங்களில் புதுக் கடன் பத்திரம் எதிலும் தனியாகக் கையெழுத்திடுவதில்லை என்றும், நம்பிக்கையான இன்னொருவரை உடன்வைத்துக்கொண்டு, ஓர் இரவு கழித்தே கையெழுத்திடுவது என்றும் விரதமாகக் கொள்வோம். மீட்டர் வட்டியும் கந்துவட்டியும் தண்டலும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. இதை அறிந்தவர் நம்மில் பலர். பிறர் துணையின்றித் தனியாகச் சென்று புகார் கொடுக்கத் துணிபவர் சிலரே. சங்கம் துணைக்குச் செல்லலாம்.

மூன்றாவது, பயிர் மருந்து. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை ‘ஸ்நேகா’ அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலியோர் ஒரு முயற்சி செய்தனர். பயிர் மருந்தை வீடுகளில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்தார்கள். ஒரு சாவி விவசாயியிடம், மற்றொன்று பொறுப்பாளரிடம். அதன் பலன் நம்பிக்கையூட்டுவதாக இருந்தது என்று 2013-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை கூறுகிறது. மிக நெருக்கடியான எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரமே நிலைக்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதிருந்தால் உயிர் தப்பும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. இலங்கையில் 1995 முதல் மிகக் கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ எழுபது சதவிகிதம் குறைந்தது. நமது சங்கத்துக் கிட்டங்கியில் ஓர் அறையைப் பெட்டிகளுக்காக ஒதுக்குவது பெரிய செலவன்று. தம் அண்ணன் வீட்டுக்கு முந்தானையில் மறைத்துக்கொண்டு போன அம்மையார் தனியாகச் செய்த காரியத்தை, ஊர் சேர்ந்து வெளிப்படையாகச் செய்யலாம்.

நான்காவது, வைத்தியம். இரண்டு வாரங்களுக்குமேல் தூக்கமும் பசியும் கெட்டு, தொழிலிலும் பேச்சிலும் நாட்டமற்று, “என்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை” என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அது வெறும் கவலையன்று. மருத்துவரிடம் போகவேண்டும். குடியை மருந்தாக எண்ணுவோர் நோயை வளர்க்கிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதற்கு அஞ்சவேண்டியதில்லை. கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று மருத்துவர்கள் தெளிவாகக் கூறுகிறார்கள். கேட்டபின் அவரைத் தனியே விடாதிருப்பதும் நம் கடமை. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. வீட்டைவிட்டு வரமுடியாதவர்கள் டெலிபோனில் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய ஏற்பாடு இது. மாநில அரசின் 104 என்ற எண்ணும் உண்டு. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக இன்ஷூரன்ஸ் வழங்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தலாகாது, கடுமையான மன நெருக்கடியில் இருந்தவராகக் கருதிப் பராமரிக்கவேண்டும் என்பதும் அந்தச் சட்டமே. ஆதலால் போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதிருப்பதற்கு இடமில்லை.

ஐந்தாவது, இரகசியம். இது இல்லாவிட்டால் மேற்கூறிய நான்கும் வீண். பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து டீக்கடையில் பேசினால், அடுத்த வீட்டுக் கதவு அன்றே மூடிக்கொள்ளும். இருவர் அறிந்ததை மூன்றாமவர் அறியவேண்டுமானால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். இதை மீறுபவர் எவராயினும், தலைவரே ஆயினும், கமிட்டியில் நீடிக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். நாம் வைத்தியர்கள் ஆகிவிடவேண்டும் என்பதும் கருத்தன்று. போய்ப் பார்ப்பதும், உட்கார்ந்து கேட்பதும், துணைக்கு ஆஸ்பத்திரிக்குச் செல்வதும் நம் வேலை. மற்றது மருத்துவர் வேலை.

பெண் அங்கத்தினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஷ்டப்படும் கணவருக்கு ஆறுதல் சொல்லி, வட்டிக்காரருக்கு வாசலில் பதில் சொல்லி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்து, தார் சுற்றவும் களையெடுக்கவும் போய் வருபவர்கள் அவர்கள். அவர்கள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பார் இல்லை. பார்க்கப் போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்க்க விரும்புகிறோம்.

*

நாம் தொடக்கத்தில் கூறிய அங்கத்தினரின் நிலையை அறிய வாசகர்கள் விரும்புவர். அரசாங்க ஆஸ்பத்திரி மருத்துவர் அவரைப் பரிசோதித்து, இது மனச்சோர்வு என்னும் நோய், மருந்தும் உண்டு, பேச்சும் வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக்கூடாது என்றார். மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது. ஐந்து கடன்காரர்களில் மூவர் உட்கார்ந்து பேசித் தவணைக்கு இசைந்தனர். மற்ற இருவர் கேட்ட வட்டி சட்டத்தை மீறியது என்று எடுத்துச் சொன்னபின், அசலை வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பினார்கள். ஓர் ஏக்கர் நிலம் போயிற்று; ஆடுகள் போயின. இன்னும் மாதந்தோறும் மருந்து வாங்கப் போய்வருகிறார். வீரசோழன் சந்தையில் அவரை முன்போல் உரத்த குரலில் விலை பேசக் காண்பதில்லை.

ஆயினும் சென்ற மாசியில் அவர் வத்தல் சிப்பத்தைத் தாமே கொண்டுவந்து சங்கத்துத் தராசில் வைத்தார். சங்கக் கடனுக்கு ஒரு சிறு தொகை கட்டி ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார். புறப்படும்போது, தம் தெருவில் ஒரு தறிக்காரர் சில நாட்களாக வெளியே வரக் காணோம் என்றும், தாமும் ஒருவருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றும் கேட்டார். அன்று மாலையே இருவர் போனார்கள்.

பொதுமகாசபையின் தேதி வழக்கம்போல் அறிவிக்கப்படும். அங்கத்தினர்கள் தவறாது வந்து மேற்கண்ட யோசனைகளை அலசி, திருத்தவேண்டியதைத் திருத்தி நிறைவேற்றித் தரும்படி வேண்டுகிறோம். வரும்போது அவரவர் தெருவில் கொஞ்ச காலமாகக் கண்ணில் படாதவர் யார் என்று யோசித்து, அவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய், கூடவே அழைத்து வருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.